மறு: டிஜிட்டல் சைனேஜ் பிளேயர், ஹார்ட்பீட், ரிமோட் கான்ஃபிக் – தமிழில் என்ன சொல்லலாம்?

குழுவினர் அனைவருக்கும் வணக்கம்.

நாகர்கோவிலிலும் சுற்றுவட்டாரத்திலும் கடைகளுக்கும் விடுதிகளுக்கும் விளம்பரத் திரை மாட்டிக் கொடுத்து, உட்கார்ந்த இடத்திலிருந்தே அவற்றைப் பார்த்துக்கொள்வது என் தொழில். இந்தத் தொழிலின் ஆங்கிலச் சொற்களுக்குத் தமிழ் தேடும் இந்த இழையில் நீங்கள் எழுதியவற்றை அந்த வேலையில் வைத்து உரசிப் பார்த்தேன்.

> மீடியா பிளேயர் = ஊடக இயக்கி

திரைக்குப் படம் அனுப்பும் சிறு கணினிப் பெட்டிக்கு இந்தப் பேர் வேண்டாம். இயக்கியை டிரைவர் என்ற மென்பொருளுக்குக் கொடுத்து நாளாகிவிட்டது. பெட்டிக்குள் ஏற்கெனவே ஒரு கிராபிக்ஸ் இயக்கி இருக்கிறது. பெட்டிக்கும் அதே பேர் என்றால் ‘இயக்கியில் இயக்கி பழுது’ என்று எழுத வேண்டிவரும். அப்புறம், எங்கள் ஊரில் இயக்கி என்றால் இசக்கியம்மன். முப்பந்தல் வழியாகப் போகிறவர்கள் வண்டியை நிறுத்திக் கும்பிட்டுவிட்டுப் போகிற தெய்வம். ‘இயக்கியை அணைத்துவிட்டுப் போடுங்கள்’ என்று கடைக்காரரிடம் சொல்ல எனக்கு வாய் வராது.

எங்கள் பையன்கள் ‘பாக்ஸ்’ என்றோ ‘பெட்டி’ என்றோதான் சொல்கிறார்கள். ராஸ்பெர்ரி பை ஆனாலும் பிரைட்சைன் ஆனாலும் டிவியின் முதுகில் ஒட்டிக்கிடப்பது ஒரு பெட்டி. அதனால் திரைப்பெட்டி. சாம்சங் டைசன், எல்ஜி வெப்ஓஎஸ் திரைகளில் தனிப்பெட்டி கிடையாதே என்று ஒருவர் கேட்டிருந்தார். அங்கே உள்பெட்டி என்றால் போயிற்று. சைனேஜுக்கு ‘இலக்கமுறைக் குறிப்பலகை’யைவிட அறிவிப்புத்திரை எளிது. இதில் அதிகம் சண்டை வராது என்று நினைக்கிறேன்.

> ஹார்ட்பீட் = இதயத்துடிப்பு, மானிட்டரிங் = தொலைக் கண்காணிப்பு

சண்டை இங்கேதான். ஹார்ட்பீட்டுக்குக் குழித்துறை அக்கா ‘விளிகேட்டல்’ (கூப்பிட்டால் குரல் கொடுப்பது) என்று எழுதியிருந்தார். வாசித்ததும் மனசு நிறைந்தது, எங்கள் பக்கத்துப் பேச்சு அல்லவா. ஆனால் விளிகேட்க முதலில் யாராவது விளிக்க வேண்டும். பெட்டிகளில் பாதி 4ஜி சிம்மில் ஓடுகின்றன. அலைபேசி நிறுவனம் ஏராளமான வாடிக்கையாளர்களை ஒரே பொது முகவரிக்குப் பின்னால் வைத்திருப்பதால், வெளியிலிருந்து நாம் பெட்டியை நேரடியாகக் கூப்பிட முடியாது. பெட்டிதான் சர்வருக்கு முதலில் பேச வேண்டும். நிமிடத்துக்கு ஒருமுறையோ நாம் வைத்த இடைவெளியிலோ, கேட்காமலே ‘இருக்கிறேன்’ என்று அது சொல்லும் செய்திதான் ஹார்ட்பீட். ஆகவே விளிகேட்டலை, ஒரு கருவி இருக்கிறதா என்று வலையில் தட்டிப் பார்க்கும் ‘பிங்’குக்கு வைத்துக்கொள்வோம். அங்கே உண்மையிலேயே நாம் கூப்பிடுகிறோம், அது பதில் சொல்கிறது.

ஹார்ட்பீட்டுக்கு இதயத்துடிப்பு என்று போட்டால் கூடவே வருகிறவற்றுக்கு வழியில்லை. கருவிகள் செய்தி பரிமாறிக்கொள்ளும் எம்க்யூடிடி நெறிமுறையில் ‘லாஸ்ட் வில்’ என்று ஒன்று உண்டு. இணைப்பு எடுக்கும்போதே பெட்டி ஒரு செய்தியை சர்வரிடம் எழுதிக் கொடுத்துவிடும். சொல்லாமல் தொடர்பு அறுந்துபோனால் சர்வர் அதை மற்றவர்களுக்கு அறிவிக்கும். ஒத்துக்கொண்ட இடைவெளியைப் போல் ஒன்றரை மடங்கு நேரம் சத்தம் இல்லையென்றால் அறுந்ததாகக் கணக்கு. இதயத்துடிப்பு, உயில், மரணசாசனம் என்று போனால் மருத்துவமனைக்கும் பத்திர ஆபீசுக்கும் நடுவில் நிற்போம். நான் இருப்புச்செய்தி, இறுதிச்செய்தி என்று வைக்கிறேன். இருப்பு தவறியது, இருப்பு இடைவெளி என்று நீட்டவும் வசதி.

இனி ‘கண்காணிப்பு’. தார் சாலைபோல் நிலைத்துவிட்ட சொல், அதைப் பெயர்க்கச் சொல்லவில்லை. ஆனால் இருப்புச்செய்தி வருகிறது என்பதற்காக நாம் திரையைக் கண்டுவிட்டதாக ஆகாது. மார்த்தாண்டத்தில் ஒரு துணிக்கடை. எல்லாப் பெட்டிகளின் நிலையையும் காட்டும் எங்கள் பலகத்தில் அந்தக் கடைப் பெட்டி பச்சையாகவே நின்றது. கடையில் யாரோ ரிமோட்டில் டிவியின் உள்ளீட்டை எச்டிஎம்ஐ 1லிருந்து மாற்றி 2ல் விட்டிருந்தார்கள். ஓணத் தள்ளுபடி ஓட வேண்டிய இடத்தில் ‘சிக்னல் இல்லை’ என்ற நீலத் திரை. பெட்டி தன் வேலையை ஒழுங்காகச் செய்துகொண்டிருந்தது, பார்க்கத்தான் ஆளில்லை. பெட்டியிடம் ஸ்கிரீன்ஷாட் கேட்டால் அதுவும் அழகான ஓணப் படத்தையே அனுப்பும், ஏனென்றால் அது எடுப்பது தன் நினைவகத்தில் வரைந்ததை. டிவி விழித்திருக்கிறதா, எந்த உள்ளீட்டில் நிற்கிறது என்பதை எச்டிஎம்ஐ-சிஇசி (படம் போகும் கம்பியிலேயே டிவியோடு பேசும் முறை) வழியாகவோ ஆர்எஸ்-232 என்ற தனிக் கட்டுப்பாட்டுக் கம்பி வழியாகவோ டிவியிடமே கேட்க வேண்டும். ஆக மூன்று வெவ்வேறு சங்கதிகள்: பெட்டி இருக்கிறதா (இருப்பு), பெட்டி என்ன ஓட்டியது (ஓட்டச்சான்று, ‘புரூஃப் ஆஃப் பிளே’க்கு), திரையில் என்ன தெரிகிறது (திரைநிலை). மூன்றையும் ஒரே ‘நிலை’க்குள் அடைத்த மென்பொருள்களால்தான் இந்தத் தலைவலி. சொல்லைப் பிரித்து வைத்தால் பலகம் வரைகிறவரும் மூன்று விளக்கு வைப்பார்.

> கான்ஃபிகரேஷன் = உள்ளமைவு

ஒத்துக்கொள்கிறேன். ஆனால் தொலைவிலிருந்து அமைக்கும்போது இரண்டு உள்ளமைவுகள் இருக்கும்: நாம் வேண்டுவது, பெட்டியில் இப்போது இருப்பது. அமேசான் இதற்கு ‘ஷேடோ’ என்று பேர் வைத்தது, மைக்ரோசாஃப்ட் ‘ட்வின்’ என்றது. நிழல், இரட்டை என்று மொழிபெயர்க்கப் போகாமல், உள்ளே இருக்கும் இரண்டு பாகங்களுக்கு நேராகப் பேர் வைக்கலாம்: வேண்டுநிலை, நடப்புநிலை. கன்னியாகுமரி படகுத்துறையில் ஓர் அறிவிப்புத்திரை இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். கடல் சீற்றம், படகு இல்லை. வேண்டுநிலையில் ‘இன்று படகு கிடையாது’ என்று மாற்றியாயிற்று. நடப்புநிலை அதை எட்டும்வரை வரிசையில் நிற்கிறவருக்குப் பழைய அறிவிப்புதான். முன்பு நீர்மட்டம் தாழ்ந்தால் விவேகானந்தர் பாறைக்குப் படகு போகும், வள்ளுவர் சிலைக்குப் போகாது என்று இரண்டு அறிவிப்பு தேவைப்பட்டது. 2024 டிசம்பர் கடைசியில் கண்ணாடிப் பாலம் திறந்த பிறகு பாறையிலிருந்து சிலைக்கு நடந்தே போகலாம். இப்படி உள்ளடக்கம் மாறிக்கொண்டே இருக்கும் இடத்தில், எட்டியதா எட்டவில்லையா என்பதற்கு ஒரு சொல் கட்டாயம் வேண்டும். ‘சிங்க் ஆகலை’ என்பதற்கு நிலை எட்டவில்லை என்பேன்.

ரோல்பேக்குக்கு யாரோ ‘பின்சுழற்றல்’ என்று எழுதியிருந்தீர்கள். சக்கரம் எதுவும் சுழலவில்லை ஐயா. வைஃபை கடவுச்சொல்லைத் தொலைவிலிருந்து மாற்றும்போது ஓர் எழுத்து பிசகினாலும் பெட்டி நம் கையை விட்டுப் போய்விடும். அதனால், புது உள்ளமைவில் சில நிமிடத்துக்குள் சர்வரை எட்ட முடியாவிட்டால் பழையதுக்கே திரும்பு என்று எழுதி வைப்போம். திரும்புநிலை போதாதா? வேண்டுநிலை, நடப்புநிலையோடு வரிசையாகவும் நிற்கும்.

பாக்கி இருப்பது வாட்ச்டாக். பெட்டியின் மென்பொருள் உறைந்துபோய், சிப்பில் ஓடும் கடிகாரத்தை உரிய நேரத்துக்குள் திருப்பி வைக்கவில்லையென்றால், சிப்பே பெட்டியை மறுதொடக்கம் செய்யும் ஏற்பாடு. ‘காவல்நாய்’ என்று எழுதியவருக்கு நாய் மேல் பிரியம் போலும். இது குரைப்பதும் இல்லை, திருடனைப் பிடிப்பதும் இல்லை. மறுதொடக்கக் கடிகை என்று சொல்லலாம், கொஞ்சம் நீளம். குறுக்கத் தெரிந்தவர்கள் சொல்லுங்கள். ஓணம் வருவதற்குள் பையன்களுக்குத் தமிழில் ஒரு பராமரிப்புக் குறிப்பு அச்சடிக்க வேண்டும். அதில் அந்த இடத்தை மட்டும் காலியாக விட்டிருக்கிறேன்.