வேகத்தைக் குறைத்தால் 'கல்' 'கால்' ஆகிவிடும்: வாசிக்கத் திணறும் பிள்ளைகளும் ஒலிப்பதிவும்

மூன்றாம் வகுப்பு ஆசிரியை

பாடத்தைப் பதிவு செய்து கொடுத்ததும் பலரும் செய்வது, வேகத்தை 0.75க்கு இறக்குவது. தமிழுக்கு இது சரிவராது. குறிலுக்கு ஒரு மாத்திரை, நெடிலுக்கு இரண்டு. அந்த அளவையே இழுத்துவிடுகிறோம். முழு வாக்கியமென்றால் காது ஓரளவு ஈடுகட்டும். தனிச்சொல் அட்டைக்கு ஒப்பிட வேறு சொல் இல்லாததால் 'கல்' 'கால்' என்றும் 'படம்' 'பாடம்' என்றும் விழும். துணைக்கால் போடுவதில் ஏற்கெனவே தடுமாறும் பிள்ளை இன்னும் குழம்பும்.

இயல்பான வேகத்தில் பேசிவிட்டு இடைவெளியைக் கூட்டுங்கள். ஆடாசிட்டி என்ற ஒலித்திருத்த மென்பொருளில் சொல் முடியும் இடத்தில் சொடுக்கி, ஜெனரேட் மெனுவில் சைலன்ஸ்: சொல்லுக்குச் சொல் 0.6 நொடி, வாக்கிய முடிவில் 2 நொடி. ஒற்று மிகும் இடத்தில் மட்டும் வெட்டாதீர்கள். 'பாடத்தைப் படித்தான்' என்பதை நடுவே பிரித்தால் அந்த 'ப்' காதுக்கு வராது, தாளில் மட்டும் இருக்கும். இரண்டையும் ஒரே மூச்சாக விட்டுவிடலாம்.

சிறப்பாசிரியர்

டீச்சர் சொன்ன இடைவெளி முறை சரி. அதற்கு முன்னால் ஒரு சோதனை வேண்டும். ஒரே தரத்தில் இரண்டு பத்தி எடுங்கள். ஒன்றைப் பிள்ளை வாசிக்கட்டும், மற்றதைக் கேட்கட்டும். ஒவ்வொன்றுக்கும் 5 கேள்வி. கேட்டதில் 4, வாசித்ததில் 1 என்று வந்தால் சிக்கல் எழுத்தில், ஆடியோ கைகொடுக்கும். இரண்டிலும் குறைந்தால் சொல்வளத்தையும் செவித்திறனையும் முதலில் பார்க்கணும்.

பயிற்சிக்கு 50 சொல் பத்தி போதும். முதலில் கேட்க மட்டும், அடுத்து விரல் வைத்துக்கொண்டு, பிறகு பதிவோடு சேர்ந்து, கடைசியில் தனியாக வாசித்து அதையும் பதிவு செய்வது. பிசகுவது எப்போதும் ஒரே இடம்: மூன்றாம் நாள் பத்தி மனப்பாடமாகிவிடும், வாய் முன்னே போகும், விரல் பின்னே கிடக்கும். வாக்கியங்களை வெட்டிக் கலைத்துப் போட்டு வாசிக்கச் சொன்னால் வாசிப்பா ஒப்பிப்பா என்று தெரிந்துவிடும்.

ஆறாம் வகுப்புத் தமிழாசிரியர்

எழுத்தைத் தானாகப் படித்துக்காட்டும் இயந்திரக் குரலை நம்புகிறவர்களுக்கு. பாமினி, வானவில் போன்ற பழைய எழுத்துருவில் அடித்த கோப்பை நகலெடுத்தால் ஆங்கில எழுத்தும் குறியும்தான் வரும், குரலும் அதையே உளறும். பொதுக் குறியீடான யூனிகோடுக்கு மாற்றியே ஆகணும். மாற்றிய பிறகும் கொ, கோ வரும் சொற்களை ஒருமுறை பாருங்கள். பிடிஎஃப்பிலிருந்து வந்தால் கொம்பும் காலும் தனித்தனியாகச் சிதறியிருக்கும். 'கௌ' என்பதற்கு 'கெள' என்று ளகரம் போட்டு அடித்திருப்பார்கள். கண்ணுக்கு வித்தியாசம் தெரியாது, குரல் 'கெ-ள' என்று பிரித்தே படிக்கும்.

அறிவியல், சமூக அறிவியல் போன்ற நீளப் பாடத்துக்கு இயந்திரக் குரல் போதும். வாசிப்புப் பயிற்சிக்கு மனிதக் குரல்தான். எங்கே நிறுத்தணும், எங்கே சேர்க்கணும் என்பது இயந்திரத்துக்குப் பெரும்பாலும் பிடிபடுவதில்லை.

ஒன்றியப் பயிற்றுநர்

பதிவுக்கு ஃபோனை வாயிலிருந்து ஒரு சாண் தள்ளி, சற்றுப் பக்கவாட்டில் வையுங்கள். நேரே வைத்தால் 'ப' ஒவ்வொன்றும் வெடிக்கும். மின்விசிறியை நிறுத்திவிடுங்கள். கோப்பை மோனோ (ஒற்றைத் தடம்) எம்பி3, 64 கேபிபிஎஸ் தரத்தில் சேமியுங்கள்: நிமிடத்துக்கு அரை எம்பிக்கும் குறைவு. பென்டிரைவ் ஸ்பீக்கர்கள் பல, கோப்பின் பெயர் வரிசையைப் பார்க்காது, நகலெடுத்த வரிசையில்தான் பாடும். 01, 02 என்று பெயரிட்டால் மட்டும் போதாது, ஒவ்வொன்றாக அதே வரிசையில் நகலெடுக்கணும். வாட்ஸ்அப் குரல் பதிவில் வேகத்தைக் கூட்டலாம், 1க்குக் கீழே குறைக்க வழியில்லை. டீச்சர் சொன்னதை வைத்துப் பார்த்தால் அது நல்லதுக்குத்தான்!

மூன்றாம் வகுப்பு ஆசிரியை

பிள்ளையின் பதிவைக் கேட்டுப் பிழை குறிக்கும்போது இரண்டு தனிப் பட்டியல் போடுங்கள். 'வந்தது' என்ற இடத்தில் 'வந்துச்சு' என்று படித்தால் அது பேச்சுமொழி. பொருள் புரிந்துதான் படிக்கிறது. 'வந்தது' 'வநதது' ஆனால் புள்ளியைப் பார்க்கவில்லை. முன்னதற்கு எழுத்துநடையை அதிகம் கேட்க வைக்கணும், பின்னதற்கு மெய்யெழுத்து அட்டை.