டிரான்ஸ்ஃபர் லித்தோகிராஃப்: ‘நகல்’ வேண்டாம், ‘பெயர்ப்பு’ போதும்

ஐயா, அமெரிக்க ஓவியர் மேரி கசாட் 1904 வாக்கில் செய்த ‘தொப்பியும் கோட்டும் அணிந்த சாரா’ என்ற சிறுமி உருவப்படத்துக்கு விவரக்குறிப்பு எழுதுகிறேன். கல்லில் வரைந்து தாளில் அச்சிடும் லித்தோகிராஃபுக்குக் ‘கல்லச்சு’ என்ற சொல் இருக்கிறது. இது தாளில் வரைந்து கல்லுக்கு மாற்றும் டிரான்ஸ்ஃபர் லித்தோகிராஃப் ஆயிற்றே, ‘நகல் கல்லச்சு’ எனலாமா?

*

‘நகல்’ வேண்டாம். நகல் என்றால் மூலம் வேறெங்கோ இருக்கிறது என்று படும். இதில் தாளில் போட்ட கோடே கல்லுக்குப் போய்விடுகிறது.

மாவுப்பசையோ ஜெலட்டினோ பூசிய தாளில் கொழுப்புச் சேர்ந்த லித்தோ கிரேயானால் வரைவார்கள். அந்தத் தாளை ஈரத்தாள்களுக்கு நடுவே வைத்துப் பதமாக்கி, படம் கீழே பார்க்கக் கல்லில் கவிழ்த்து, அச்சுப்பொறியில் பலமுறை ஓட்டுவார்கள். முதுகுப்பக்கம் தண்ணீர் விட்டு ஊறவைத்தால் பூச்சு கரையும், தாள் உரிந்து வரும், கோடு கல்லில் நிற்கும். அதன்பின் எல்லாம் வழக்கமான கல்லச்சுதான்: பிசினில் சில சொட்டு நைட்ரிக் அமிலம் கலந்து பூசுவது, கல்லை ஈரமாகவே வைத்து மை உருட்டுவது.

கெடுவதெல்லாம் பதத்தில்தான். ஈரம் கூடினால் கோடு பரவி நிழல் அடைந்துவிடும். குறைந்தால் கன்னத்து மெல்லிய சாயல் தாளோடு போய்விடும். ஓட்டும்போது தாள் மயிரிழை நகர்ந்தாலும் இமைக்கோடு இரட்டையாக விழும். குழந்தை முகத்தில் அதை மறைக்க இடமே கிடையாது.

நேரே கல்லில் வரைந்தால் அச்சில் இடம் வலமாகும். இந்த முறையில் படம் இரண்டு முறை புரள்வதால் வரைந்தபடியே வரும். ஜெர்மன் ஓவியர் கேத்தே கோல்விட்ஸ் இதை நிறையக் கையாண்டார். கிரேயான் கோட்டின் சொரசொரப்பும் கல்லுடையதல்ல, தாளுடையது. லென்ஸ் வைத்துப் பார்த்தால் தெரியும்.

ஆகவே ‘பெயர்ப்புக் கல்லச்சு’ என்பது என் பரிந்துரை. தாள் ‘பெயர்ப்புத்தாள்’.

*

‘பெயர்ப்பு’ என்றதும் மொழிபெயர்ப்பு நினைவுக்கு வராதா? தவிர, கல்லில் வரையாததைக் கல்லச்சு என்பது முறையா?

*

மொழிபெயர்ப்பிலும் அதே ‘இடம் மாற்றும்’ பொருள்தானே, அது நமக்குத் துணையே. இரண்டாவது கேள்வி லண்டனில் வழக்காகவே போனது. அச்சோவியர் ஜோசஃப் பென்னலின் பெயர்ப்புத்தாள் படங்களை லித்தோகிராஃப் என்று விற்பது தவறு என ஓவியர் வால்ட்டர் சிக்கர்ட் எழுதினார். 1897இல் அவதூறு வழக்கு நடந்தது. ஓவியர் விஸ்லர் பென்னலுக்காகச் சாட்சி சொன்னார். பென்னலுக்கு 50 பவுண்டு இழப்பீடு கிடைத்தது. மை ஏறுவதும் அச்சாவதும் கல்லிலிருந்துதான் என்பதால் ‘கல்லச்சு’ நிற்கட்டும். வரைந்தது தாளில் என்பதை ‘பெயர்ப்பு’ என்ற முன்னடை சொல்லிவிடும், அதை விட்டுவிடாதீர்கள்.

குறிப்பில் இப்படிப் போடுங்கள்: மேரி கசாட், தொப்பியும் கோட்டும் அணிந்த சாரா, சுமார் 1904, பெயர்ப்புக் கல்லச்சு.