'கண்வழக்கு' வேண்டாமே

அன்பர்களுக்கு,

பாத்திரத்தின் பேச்சை வழக்கமான எழுத்துக்கூட்டலை மாற்றி எழுதிக் காட்டுவதை ஆங்கிலத்தில் 'ஐ டயலக்ட்' (eye dialect) என்கிறார்கள். அதற்கு நம் கலைச்சொல் பட்டியலுக்கு நேற்று வந்த 'கண்வழக்கு' எனக்குச் சரிப்படவில்லை. படிக்கிறவர் ஏதோ கண்ணாஸ்பத்திரி மேல் யாரோ போட்ட கேஸ் என்றுதான் நினைப்பார்.

'கொச்சையெழுத்து' என்றும் ஒருவர் எழுதியிருந்தார். அதுவும் ஏன் ஒத்துவராது என்பதற்கு, அயர்லாந்து எழுத்தாளர் பால் ஹவர்டின் ராஸ் ஓ'கேரல்-கெல்லி நாவல்களைப் பாருங்கள். 1998-இல் ஒரு ஞாயிறு பத்திரிகையில் பத்தியாகத் தொடங்கியவை. கதையை ராஸே சொல்கிறான். அப்பன் காசு, கட்டணப் பள்ளி, ரக்பி, தெற்கு டப்ளின் வீடு, இவ்வளவுதான் அவன் சரக்கு; அலட்டலுக்கு மட்டும் குறைவில்லை. லிஃபி ஆற்றுக்குத் தெற்கே அஞ்சல் வட்டாரங்களுக்கு இரட்டைப்படை எண்கள், அதில் 'டப்ளின் 4' என்றால் முகவரியோடு ஒரு பேச்சுத் தோரணையும் சேர்ந்தே வரும். 1984-இல் ஓடத் தொடங்கிய டார்ட் என்ற கடலோர மின்ரயில் இவர்கள் வாயில் 'டோர்ட்' ஆகிவிடும், 'கைஸ்' 'கோய்ஸ்' ஆகும், 'ரைட்' 'ரோய்ஷ்' ஆகும். ஹவர்டு அதை அப்படியே எழுத்துக்கூட்டி வைக்கிறார். இங்கே சிரிப்புக்கு ஆளாகிறவன் பணக்காரன். 'கொச்சை' என்றாலோ நம் காதில் படிக்காதவர் பேச்சு என்றுதான் விழுகிறது, அதாவது அடி தப்பான முதுகில் விழுகிறது.

அப்புறம், 1925-இல் அமெரிக்க மொழியறிஞர் ஜார்ஜ் கிராப் 'ஐ டயலக்ட்' என்ற அந்த ஆங்கிலச் சொல்லைச் சொன்னது வேறொன்றுக்கு. உச்சரிப்பு மாறாது, எழுத்து மட்டும் பிழையாக இருக்கும். ஒரு பாத்திரத்தின் கடிதத்தில் கூட இல்லை, அவர் பேசும் வசனத்தில் 'மனம்' என்பதை 'மநம்' என்று எழுதிப் பாருங்கள். ஒலி அதேதான், ஆனால் அவருக்கு எழுத்து தெரியாது என்று நம் கண் முடிவு கட்டிவிடுகிறது. 'டோர்ட்' அப்படியில்லை, ஒலியே மாறுகிறது. ஆங்கிலத்திலேயே இரண்டையும் ஒரே சொல்லில் குழப்பிக்கொள்கிறார்கள், நாமும் அந்தக் குழப்பத்தை ஏன் இறக்குமதி செய்ய வேண்டும்?

ஒலியைக் காட்டுவதற்கு 'நாவெழுத்து', கண்ணுக்கு மட்டும் படுவதற்குக் 'கண்ணெழுத்து' என்று வைக்கலாம். முதலில் 'மயக்கெழுத்து' என்றுதான் யோசித்தேன், ஆனால் ல, ள, ழ வகையை மயக்கொலி என்று பள்ளியில் படித்தவர்கள் அங்கே போய்விடுவார்கள். கண்ணெழுத்து சிலப்பதிகாரச் சொல், புகாரில் பண்டப் பொதிகள் மேல் இட்ட எழுத்து. இன்று யாரும் புழங்குவதில்லை, சும்மாதான் கிடக்கிறது, எடுத்துக்கொள்ளலாம் என்பது என் கட்சி (புலவர்கள் சண்டைக்கு வருவார்கள், தெரியும்).

'நாவெழுத்து' நாக்கில் ஒட்டவில்லை என்பவர்கள் மாற்றுச் சொல்லோடு வாருங்கள். சனிக்கிழமை இரவு பட்டியலில் ஏற்றுகிறேன்.