பேரலல் பார்ஸ்: பின் ஸ்விங்கில் முழங்கை மடங்குவது ஏன்?

கேள்வி:
பேரலல் பார்ஸில் (ஜிம்னாஸ்டிக்ஸில் பக்கத்துப் பக்கத்தில் இணையாக இருக்கும் இரண்டு கம்பிகள்) பயிலும் என் மாணவனுக்கு 14 வயது. டிப்ஸ் (கம்பிகளில் கை ஊன்றி, முழங்கையை மடக்கி உடலை இறக்கி ஏற்றுவது) 15 தடவை சுத்தமாக எடுக்கிறான். ஆனால் சப்போர்ட் ஸ்விங்கில் (கை ஊன்றியபடி உடலை முன்னும் பின்னும் ஆட்டுவது) கால் பின்பக்கம் தோள் மட்டத்தைத் தாண்டியதும் முழங்கை மடங்கிவிடுகிறது, ஹேண்ட்ஸ்டாண்ட் (கைகளில் தலைகீழாக நிற்பது) வருவதேயில்லை. கைபலம் போதாதா? கம்பி இடைவெளி இப்போது 50 செ.மீ.

பதில் 1:
டிப்ஸ் 15 எடுப்பவனுக்குக் கைபலம் ஒரு குறையே இல்லை. இடைவெளியைக் குறையுங்கள். போட்டி விதிப்படி 42 முதல் 52 செ.மீ. வரை வைத்துக்கொள்ளலாம், 50 என்பது அகன்ற தோள் உள்ளவர்களுக்கு. முழங்கையை ஒரு கம்பியின் உட்புறம் ஒட்டி வைத்து முன்கையை நீட்டட்டும். விரல் நுனி மறு கம்பியைத் தொட்டால் ஏறக்குறைய சரி. அகலம் கூடினால் கை வெளியே சாயும், உடல் எடை மூட்டின் மேல் நேராக இறங்காது. ரொம்பக் குறைத்தால் இடுப்பு உரசும்.

பதில் 2:
இடைவெளி பாதிக் காரணம்தான். மீதி தோளில் இருக்கிறது. கால் முன்னால் ஏறும்போது தோள் கைக்குச் சற்றுப் பின்னால் போகும். பின்னால் ஏறும்போது சற்று முன்னால் வரும். அடியில் கடக்கும்போது கைக்கு நேர் மேலே இருக்கும். பின் ஸ்விங்கில் கால் கம்பி மட்டத்தைத் தாண்டியபிறகு தோள் மெல்லக் கைக்கு மேலே திரும்ப வேண்டும். அது முன்னாலேயே நின்றுவிட்டால் மடங்குவதைத் தவிர முழங்கைக்கு வேறு வழியில்லை. குதிகாலால் உதைத்து முதுகை வளைக்கிறானா என்றும் பாருங்கள். ஸ்விங் தோளிலிருந்து வர வேண்டும், இடுப்பிலிருந்து அல்ல. கொஞ்ச நாள் கால் உயரத்தைத் தோள் மட்டத்தோடு நிறுத்துங்கள். கூடவே தரையில் சின்ன பேரலெட்டில் (தரையில் வைக்கும் தாழ்ந்த கைப்பிடிகள்) ஹேண்ட்ஸ்டாண்ட் தனியாக நடக்கட்டும்.

கேட்டவர்:
நன்றி. பக்கத்தில் நின்று எங்கே பிடிக்க வேண்டும்?

பதில் 2:
தாழ்ந்த ஸ்விங்குக்குக் கம்பிக்கு அடியிலிருந்து கை கொடுங்கள். மேலாக நீட்டிய கை மீது அவன் விழுந்தால் உங்கள் கை கம்பியில் மாட்டி முறியும். ஹேண்ட்ஸ்டாண்டுக்கு உயரமான பெட்டி மேல் நின்று மேற்கையையும் தொடையையும் பிடியுங்கள்.

பதில் 3:
இடைவெளியை மாற்றும்போது மேலே யாரும் இருக்கக் கூடாது. பூட்டு நான்கையும் தளர்த்தி, இரு முனைகளையும் கொஞ்சம் கொஞ்சமாக மாற்றி மாற்றி நகர்த்துங்கள். ஒரே முனையை இழுத்தால் சிக்கிக்கொள்ளும். பூட்டியபின் ஒரு முறை கையால் உலுக்கிப் பாருங்கள். கம்பியில் மெக்னீசியம் மாவு (கை வழுக்காமலிருக்கப் பூசும் வெள்ளை மாவு) கட்டிதட்டியிருந்தால் பிரஷ் போட்டு எடுத்துவிடுங்கள். வழுக்கும் என்ற பயத்தில் பிடியை இறுக்கினாலும் முழங்கை மடங்கும், இதைப் பலர் கவனிப்பதில்லை. பெரிய போட்டிகளில் தேனைத் தடவி அதன்மேல் மாவு பூசுகிறார்கள். ஆரம்பப் பயிற்சிக்கு அது தேவையில்லை, ஒட்டும் கை நகராமல் உள்ளங்கைத் தோல்தான் கிழியும்.