மேல் ஸட்ஜத்தில் மட்டும் சுருதி இறங்குகிறது

ஆண் குரல், 1 கட்டை (C சுருதி). கீழ் ஸட்ஜம் ('ஸ') 130.8 ஹெர்ட்ஸில் கச்சிதமாக நிற்கிறது. மேல் ஸட்ஜம் 261.6 வர வேண்டும். ட்யூனர் செயலியில் 257-ஐத் தாண்ட மாட்டேன் என்கிறது. சுமார் 30 சென்ட் (அரை ஸ்வர இடைவெளியில் நூறில் ஒரு பங்கு ஒரு சென்ட்) குறைவு. மூன்று மாதமாக இதே கதை. பாடும்போது சேர்ந்த மாதிரிதான் இருக்கிறது, பதிவைக் கேட்டால்தான் வெட்கமாக இருக்கிறது.

தம்பூரா ஒலியைக் குறைத்தேன், ஒரு காதில் மட்டும் ஹெட்போன் வைத்தேன், மெதுவாகப் பாடினேன். பலனில்லை. போன் மைக் மேல் பழி போட்டேன். கீபோர்டு அதே ஸ்வரத்துக்கு 261.6 காட்டியதும் அந்தச் சாக்கும் போயிற்று. விசித்திரம் என்னவென்றால், 'ஊ' என்று பிடித்தால் சரியாக நிற்கிறது. 'ஆ' என்று வாயைத் திறந்ததும் வழுக்குகிறது.

'ஆ'வில் சுருதி இறங்காமல் நிற்க எதை முதலில் திருத்த வேண்டும்: மூச்சையா, வாய்த் திறப்பையா?