ராஜஸ்தான்ல இருக்குற சித்தோர் கோட்டை மூணு தடவை விழுந்துச்சு, மூணாவது தடவை ராணா உதய் சிங் கிளம்பிப் போனது சரியா?

மலைக்கோட்டை:
1567 அக்டோபர்ல அக்பர் படை சித்தோர் மலைக்குக் கீழ கூடாரம் போட்டப்போ, சித்தோரைத் தலைநகரா வெச்சிருந்த மேவார் ராஜ்யத்தோட ராணா (ராஜா) உதய் சிங் கோட்டைக்குள்ள இல்ல, அதுக்கு முன்னாடியே ஆரவல்லி மலைப்பக்கம் போயிட்டாரு. இதுக்காக இன்னிக்கு வரைக்கும் அவரை கோழைன்னு திட்டுறாங்க, பையன் பிரதாப்பை தலையில தூக்கி வெச்சுக்கிறவங்க கூட அப்பன் பேரைச் சொன்னா மூஞ்சியைத் திருப்பிக்கிறாங்க. என்னைக் கேட்டா அவர் செஞ்சதுதான் சரி.

முந்தின ரெண்டு முற்றுகையையும் பாருங்க. 1303ல அலாவுதீன் கில்ஜி வந்தப்போ ராஜா ரத்தன் சிங் உள்ளயே இருந்தாரு, மாசக்கணக்கா முற்றுகை, ஆகஸ்ட் 26 கோட்டை போச்சு, அந்த வம்சக்கிளையும் அதோட முடிஞ்சுது, சிசோதியா கிளையில வந்த ஹம்மீர் திரும்பப் பிடிக்க இருபது வருஷத்துக்கு மேல ஆச்சு. 1535ல குஜராத் சுல்தான் பகதூர் ஷா வந்தப்போ ராணா விக்ரமாதித்தனையும் சின்னப் பையனா இருந்த தம்பி உதய் சிங்கையும் முன்கூட்டியே பூந்திங்கற வேற ஊருக்கு அனுப்பிட்டாங்க, கோட்டை விழுந்துச்சு, ஆனா முகலாய ராஜா ஹுமாயூன் பகதூர் ஷாவைத் துரத்தினதும் கொஞ்ச நாள்லயே மேவார்காரங்க கைக்கு வந்துருச்சு. ராஜா வெளிய இருந்தா ராஜ்யம் பிழைக்கும். உதய் சிங் இதைத் தன் உடம்புலயே பார்த்து வளர்ந்த ஆளு, சும்மா பயந்து ஓடினவர் இல்ல.

வைகைக்கரை:
ராஜ்யம் பிழைச்சுது சரி சகோ, ஜனங்க? 1568 பிப்ரவரி 23 அன்னிக்கு கோட்டை விழுந்ததும் அக்பர் பொதுக்கொலைக்கு உத்தரவு போட்டாரு, 30,000 பேர் செத்தாங்கன்னு அவரோட ஆளு அபுல் ஃபசலே எழுதி வெச்சிருக்காரு. எதிரி எழுதினது இல்ல, சொந்த தர்பார்க்காரர் எழுதினது. ராணா தன் குடும்பத்தையும் கஜானாவையும் வெளிய கொண்டுபோயிட்டு ஜெய்மல், பத்தாங்கற ரெண்டு தளபதிங்க தலையில பொறுப்பைக் கட்டிட்டுப் போனாரு. இதுல ஜெய்மல் பாவம் 1562லயே சொந்த ஊர் மேர்த்தாவை முகலாயர்கிட்ட பறிகொடுத்துட்டு அடைக்கலம் வந்த மனுஷன்.

இன்னொண்ணு யாரும் பேசுறதில்ல. நடுவுல கோட்டைக்காரங்க சமாதானத்துக்கு ஆள் அனுப்பினாங்க, கப்பம் கட்டுறோம் பணிஞ்சுக்குறோம்னு. அக்பர் பக்கத்து அதிகாரிகளே ஒத்துக்கலாம்னுதான் சொன்னாங்க. அக்பர் மட்டும் ராணா நேர்ல வந்தாத்தான் பேச்சுன்னுட்டாரு. ராணாதான் அங்க இல்லயே, அப்புறம் யாரு வர்றது? அவர் வெளிய இருந்ததாலதான் அந்தக் கதவு அடைபட்டுச்சு.

மலைக்கோட்டை:
ராஜா உள்ள இருந்து சரணடைஞ்சா ஜனங்க தப்பிச்சிருப்பாங்கன்னு எதை வெச்சு சொல்றீங்க? 1303ல அதான நடந்துச்சு. ராஜா வெளிய வந்து பணிஞ்சதும் அவர் உயிரை சுல்தான் விட்டுட்டாரு, ஆனா 30,000 பேரை வெட்டினாங்கன்னு சுல்தான் கூடவே போயிருந்த கவிஞர் அமீர் குஸ்ரோ எழுதுறாரு.

அப்புறம் அக்பர் உசேன் குலி கானை படையோட மலைப்பக்கம் அனுப்பி ராணாவைத் தேடினாரு, ஆள் அகப்படவே இல்ல. அந்த ஆள் அன்னிக்கு அகப்பட்டிருந்தா பின்னாடி பிரதாப் அக்பர் படையோட மோதின ஹல்திகாட்டிச் சண்டையும் இல்ல, பிரதாப்பும் இல்ல.

பீரங்கிப்பட்டறை:
ரெண்டு பேரும் ராஜாவைப் பத்தியே பேசுறீங்க, அந்தக் கோட்டையைக் காப்பாத்தவே முடியாதுங்கறதை விட்டுட்டீங்க. தனியா நிக்குற மலை, சுமார் 180 மீட்டர் உயரம், சுத்துமதில் 13 கிலோமீட்டர். உள்ள இருந்த வீரர்கள் 8,000 பேர். எல்லாரையும் மதில்ல வரிசையா நிக்க வெச்சாலே ஆளுக்கு ஒன்றரை மீட்டருக்கு மேல வரும், மூணு ஷிஃப்ட்டா தூங்கி எந்திரிக்கணும்னா அஞ்சு மீட்டருக்கு ஒரு ஆள்தான். 1303 காலத்துல கவண்கல் எறியுற மஞ்சனிக் யந்திரத்துக்கே மாசக்கணக்கா தாங்கின இடம், 1535ல பகதூர் ஷாகிட்ட ரூமி கான்னு ஒரு துருக்கி பீரங்கி நிபுணர் இருந்தாரு, அதோட கணக்கே மாறிப்போச்சு.

அக்பர் செஞ்சது இன்னும் ஒரு படி மேல. ரெண்டு வேலை ஒரே நேரத்துல நடந்துச்சு, ஒண்ணு மதிலுக்கு அடியில வெடிமருந்து வெக்கத் தோண்டுற சுரங்கம், இன்னொண்ணு சபாத். சபாத்னா மேல கூரை போட்ட பாதை, ரெண்டு பக்கமும் மண்சுவர், மேல பலகையும் தோலும், பாம்பு மாதிரி வளைஞ்சு வளைஞ்சு மதிலை நோக்கிப் போகும், உள்ள பத்துக் குதிரைக்காரங்க பக்கம்பக்கமா போகலாம், யானை மேல உக்காந்தவன் ஈட்டியைத் தூக்கிப் பிடிச்சுட்டே போகலாம்னு எழுதியிருக்காங்க. கட்டுற கூலியாளுங்க மேல இருந்து வர்ற குண்டுக்கு தினமும் நூறு பேருக்கு மேல செத்துட்டே இருந்தாங்க, அந்தப் பிணங்களையும் சுவர்லயே வெச்சுக் கட்டினாங்கன்னு சொல்றாங்க, கூலியா காசை வாரி இறைச்சாங்க. சுரங்கம் டிசம்பர் 17ல வெடிச்சது. பக்கத்துப் பக்கத்துல ரெண்டு குழி, ரெண்டும் ஒண்ணா வெடிக்கணும். முதல் குழி வெடிச்சு மதில் சரிஞ்சதும் முகலாய வீரர்கள் இடிபாட்டுக்குள்ள பாய்ஞ்சாங்க, அவங்க கால்கிட்டயே ரெண்டாவது குழி வெடிச்சது, சுமார் 200 பேர் காலி. அப்படி அடி வாங்கியும் ரெண்டு மாசம் நின்னு முடிச்சாரு. இப்படி ஒரு ஆளு எதிர்ல இருக்கும்போது ராணா உள்ள இருந்தாலும் இதே முடிவுதான்.

ஆடுதுறை:
சித்தோர் போயிருக்கேன். கீழ இருந்து மேல ஏழு வாசல், ரோடு மடிச்சு மடிச்சு ஏறும். வழியிலயே ஜெய்மலுக்கு சத்ரி (நினைவு மண்டபம்) இருக்கு, மேல ராம் போல் வாசல்கிட்ட பத்தாவுக்கு நினைவுக்கல். மேல போனா கோட்டைன்னு சொல்லவே தோணாது, அது ஒரு ஊரு. கௌமுக் குளத்துல மாட்டு வாய் மாதிரி செஞ்ச கல்லு வழியா தண்ணி விழுந்துட்டே இருக்கு, ஒரு காலத்துல உள்ள 84 நீர்நிலை இருந்ததா சொல்றாங்க. தண்ணி இருந்ததாலதான் அத்தனை மாசம் தாங்குச்சு, தண்ணி இருந்ததாலதான் சுத்துப்பட்டு ஜனங்களும் மேல ஏறினாங்க. அங்க நின்னு பார்த்தப்போ எனக்கு ராணாவைப் பத்தி யோசனையே வரல, இந்தக் குளத்துல தண்ணி மொண்டவங்க யாருன்னுதான் தோணுச்சு.

வைகைக்கரை:
ஆடுதுறை சொன்னதுதான் என் பாயிண்ட். வீரர்கள் 8,000, அவங்களோட சேர்ந்து 40,000க்கு மேல விவசாயிங்க காவல் வேலையும் எடுபிடி வேலையும் பார்த்தாங்க, இதுவும் அபுல் ஃபசல்தான். கொலைக்கு அவர் சொல்ற காரணத்தைப் படிச்சா வயிறு எரியும், அலாவுதீன் காலத்துல குடியானவங்க சண்டை போடல அதனால அவங்களை விட்டுட்டாங்க, இந்தத் தடவை மும்முரமா சண்டை போட்டாங்க அதனால விடலைன்னு எழுதுறாரு. குஸ்ரோ சொல்ற 30,000க்கும் இதுக்கும் ஒத்து வரல பாருங்க, ரெண்டு பேரும் அதே முழு எண்ணைச் சொல்றதே எனக்கு உறுத்துது. எண்ணிக்கை எதுவா இருந்தாலும் அந்த ஜனங்களை மதில் மேல ஏத்தினது யாரு?

மலைக்கோட்டை:
வெட்டச் சொன்னது அக்பர். அந்தப் பழியை ஏன் ராணா மேல இறக்குறீங்க? அக்பர் நினைச்சிருந்தா கோட்டை விழுந்த நிமிஷமே நிறுத்தியிருக்கலாம், ஜெய்மல் முந்தின ராத்திரியே குண்டடிபட்டு செத்தாச்சு, ராத்திரியே ஜௌஹர் தீ, அதாவது எதிரி கையில சிக்காம இருக்க பொண்ணுங்க இறங்குற தீ, எரிஞ்சாச்சு. அதுக்கு மேல நடந்தது மத்த கோட்டைகளுக்குக் காட்டின பயம். அது வேலையும் செஞ்சுது, அடுத்த வருஷம் ரணதம்போர் பெருசா தாக்குப்பிடிக்காமலே பணிஞ்சுது.

வைகைக்கரை:
அக்பர் பழி அக்பரோடதுதான், அதுல ஒரு துளி கூட குறைக்கல. ஆனா ராணாவுக்கு முன்கூட்டியே தெரியும். தோல்பூர்ல அக்பர் முகாம்ல இருந்த ராணாவோட பையன் சக்தி சிங், படையெடுப்புப் பேச்சைக் கேட்டதும் சொல்லாம கொள்ளாம அங்க இருந்து கிளம்பினான். தன் குடும்பம் கிளம்ப அவருக்கு நேரம் இருந்துச்சு, கஜானாவை இறக்க நேரம் இருந்துச்சு. குடியானவங்களையும் அதே ஆரவல்லிக்கு அனுப்பியிருக்கலாம், காடு அவங்களுக்கும் தெரிஞ்ச காடுதான். அவங்களை மட்டும் உள்ள வெச்சு வாசலைச் சாத்தினதுக்கு எனக்கு ஒரு காரணம் சொல்லுங்க, அப்புறம் உதய் சிங் செஞ்சது சரின்னு நானே எழுதுறேன்.