புதுப்பிப்பு: குழந்தைக்கான கார் இருக்கையில் எந்த முத்திரையைப் பார்ப்பது?

கிருஷ்ணகிரியில் பார்த்த இருக்கை ‘ஐரோப்பியத் தரம்’தானா என்று எப்படிச் சரிபார்ப்பது எனக் கேட்டிருந்தேன். பதிலளித்த அனைவருக்கும் நன்றி.

“பெட்டியை விடுங்கள், இருக்கையின் ஆரஞ்சு நிற ஒட்டுச்சீட்டைப் பாருங்கள்” என்ற அண்ணனின் யோசனைதான் கைகொடுத்தது. அனுமதி எண் 04 என்று தொடங்கியது. அது ஆர்44 என்ற பழைய ஐரோப்பியப் பாதுகாப்பு விதியைக் குறிக்கிறது. அதில் முன்பக்க மோதல் சோதனை உண்டு, பக்கவாட்டு மோதல் சோதனை இல்லை. கதவுப்பக்கம் உட்காரும் பிள்ளைக்கு அது பெரிய குறை. 2013-இல் நடைமுறைக்கு வந்த ஆர்129 என்ற புதிய விதி பக்கவாட்டுச் சோதனையைக் கட்டாயமாக்கியது. குறைந்தது 15 மாதம் வரை பின்னோக்கியே அமர்த்தவும் சொல்கிறது.

எதிர்பாராதது: எங்கள் பழைய காரில் ஐசோஃபிக்ஸ் கொக்கி (குழந்தை இருக்கையை நேரடியாகக் காரோடு பூட்டும் கொக்கி) இல்லை. ஆனால் ஆர்129-இலேயே சீட் பெல்ட்டால் கட்டும் வகையும் இருக்கிறது, ஓசூரில் வாங்கிவிட்டோம். பொருத்திய பின் இருக்கையை பெல்ட் செல்லும் இடத்தில் பிடித்து ஆட்டிப் பாருங்கள், ஓர் அங்குலத்துக்கு மேல் நகரக்கூடாது.